வசனப் போட்டி முடிவும் மூன்றாம் கேள்விச் சண்டையும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் மடற்குழுவில் வைத்த திரைப்பட வசனப் போட்டியின் முடிவு எங்கே என்று இந்தக் கிழமை மட்டும் எட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். முடிவு எப்போதோ தயார். மூன்றாம் கேள்விச் சண்டை அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடங்குவதாக இல்லை. ரொறன்ரோ மாமா ஒன்று எழுத, மெல்பேர்ன் மச்சாள் அதைப் பிடித்து இழுக்க, ஊரில் இருக்கிற தம்பிமார் விதைப்பு வேலையையும் விட்டுவிட்டு நடுவே புகுந்துவிட்டார்கள். சரி, இன்றைக்குத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பராசக்தி பாணியில் சொன்னால், இந்த மடற்குழு விசித்திரம் நிறைந்த பல வழக்குகளைச் சந்தித்திருக்கிறது. (கோயில் கணக்கு வழக்கை நான் இங்கே இழுக்கவில்லை.)

மூன்றாம் கேள்வி இதுதான்: "எங்களோடு வயலுக்கு வந்தாயா, ........., ஏற்றம் இறைத்தாயா." இடைவெளியை நிரப்புக, படத்தையும் வசனம் எழுதியவரையும் சொல்க. படம் வீரபாண்டிய கட்டபொம்மன், 1959. வசனம் சக்தி கிருஷ்ணசாமி. இதில் யாரும் பிழை விடவில்லை. இடைவெளியில்தான் வந்தது வினை. "நாற்று நட்டாயா" என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். "விதை விதைத்தாயா" என்று எழுதிய ஐந்து பேர் மறுபக்கம். அந்த ஐந்து பேரும் சத்தியம் செய்கிறார்கள், தங்கள் காதால் கேட்டதாம். மச்சாள் யூடியூப் சுட்டியை அனுப்பிய பிறகும் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. படத்தை யாரோ மாற்றிவிட்டார்களாம்!

படத்தை யாரும் மாற்றவில்லை மாமா. வசனத்தைத்தான் மாற்றினோம். நாங்களேதான். நடந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு ஊர் நாடகத்தில் கட்டபொம்மனிடம் வரி கேட்கிற ஜக்சன் துரை நான்தான்.

78 சூறாவளிக்கு மூன்று நாலு வருடம் முந்தி. கோயில் சடங்குக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாடகம். தமிழ் வாத்தியார் ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு வசனத்தைக் கொப்பியில் எழுதி எங்களுக்குப் பாடமாக்கினார். என் முகம் முழுக்கக் குட்டிக்குரா பவுடர். தலையில் வாத்தியார் யாரிடமோ இரவல் வாங்கிய தொப்பி, அது காதுவரை இறங்கும். கட்டபொம்மனாக வந்தவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கரிமீசை, சரிகைக் கடதாசிக் கிரீடம், அக்காவின் கூறைச் சேலையில் தைத்த அங்கி. ஆனால் குரல் இருக்கிறதே, மைக் தேவையில்லை.

அவன் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டி "வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயா" என்று கேட்டதுதான் தாமதம், முன்னால் மணலில் குந்தியிருந்த என் அம்மப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "மனே, நம்மட வட்டையில ஆரு நாத்து நடுற? விதைக்கிற எண்டு சொல்லு!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அது பகிடியில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல். விடியப் புறப்பட்டுக் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி அக்கரை போய் விதைக்கிற மனிதன் அவர். நம்முடைய பக்கம் முளைநெல்லை வீசித்தானே விதைப்பது? நாற்றுமேடை போட்டுப் பிடுங்கி நடுவதை அவர் கண்ணால் கண்டது குறைவு. ஏற்றமும் அப்படித்தான். குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருகிற ஊரில் எவன் ஏற்றம் இறைத்தான்? வெள்ளைக்காரனைக் கேள்வி கேட்பதென்றால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

கட்டபொம்மன் ஒரு கணம் நின்றான். கிரீடத்தைச் சரி செய்தான். மறுகா முதலில் இருந்து தொடங்கினான்: "எங்களோடு வயலுக்கு வந்தாயா! விதை விதைத்தாயா! வாய்க்கால் வெட்டினாயா!" அதோடு விட்டானா? "கொஞ்சி விளையாடும் எங்கள் குலப்பெண்களுக்கு மஞ்சள் அரைத்தாயா" என்கிற இடத்தை வாத்தியார் வெட்டச் சொல்லியிருந்தார். பொம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற இடமாம். இவன் வெட்டவில்லை. "அல்லது" என்று இழுத்து நிறுத்தி, பொம்பிளைப் பிள்ளைகள் இருந்த பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதையும் சொன்னான். அடுத்த நாள் இரண்டு பேருக்கும் அடி. எனக்கு எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்த சடங்குகளில் அந்த நாடகத்தைப் போட்ட பொடியன்கள் எல்லாரும் விதைதான் விதைத்தார்கள். மாமா, நீங்கள் காதால் கேட்டது அதை. கேள்வித்தாளில் "படத்தில் வந்தபடி" என்று நான் எழுதாமல் விட்டது என் பிழை. ஆகவே இரண்டு விடைக்கும் முழுப்புள்ளி. வழக்கு முடிந்தது.

மற்றக் கேள்விகளில் நீங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் பெரும்பாலும் "சொன்னவர் யார்" என்பதில்தான். "சேர்ந்தே இருப்பது?" என்பதற்கு "வறுமையும் புலமையும்" என்று பதில் சொன்னது யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் நாகேஷ் என்கிறீர்கள். தருமியாக வந்த நாகேஷ் கேள்வி கேட்கிறவர். பதில் சொல்கிறவர் சிவாஜி. திருவிளையாடலில் (1965) கேட்டவன்தான் நம் மனதில் நிற்கிறான், அது நாகேஷின் கெட்டித்தனம். அதே படத்தில் நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நிற்கிற நக்கீரர், படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனேதான். இதைச் சரியாக எழுதியது ஒஸ்லோவில் இருக்கிற ஒரு பிள்ளை மட்டும். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

"பத்த வச்சிட்டியே பரட்டை" என்றதும் ரஜினி என்று எழுதியவர்களுக்குப் பூச்சியம். 16 வயதினிலே (1977) படத்தில் பரட்டைதான் ரஜினி. அவரைப் பார்த்துச் சொன்னது கவுண்டமணி. "இது எப்படி இருக்கு" என்பதுதான் ரஜினியுடையது. சிவாஜி கமராவுக்கு முன்னால் முதன்முதலாகச் சொன்ன வசனம் என்ன என்ற கேள்விக்கு ஆளாளுக்கு அரைப் பக்கச் செந்தமிழை எழுதியிருக்கிறீர்கள். அது ஒரே ஒரு சொல்: "சக்சஸ்." பராசக்திக்காக (1952) எடுத்தது. அவ்வளவுதான்.

விடைகளைத் திருத்தும்போது ஒன்று எனக்குப் பட்டது. நீங்கள் மறக்காமல் எழுதியிருக்கிற வசனங்கள் நிறைய, மேடையில் இருந்து வந்தவை. பராசக்தி படமாவதற்கு முதல் நாடகம். மனோகரா பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். இரத்தக் கண்ணீரை எம்.ஆர். ராதா ஊர் ஊராக மேடையில் போட்ட பிறகுதான் 1954 இல் படமாக்கினார்கள். கட்டபொம்மனையும் சிவாஜி முதலில் நாடகமாகத்தான் போட்டார். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று எழுதிய வசனங்கள் அவை. விடிய விடிய வட்டக்களரியைச் சுற்றி இருந்து வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது புதிதாகவே இருந்திருக்காது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டுப் பிள்ளைகள்தான் மனோகராவின் சங்கிலி வசனத்தை ஒரு மூச்சில் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா?

அதோடு நம்மில் பலர் அந்தப் படங்களைப் பார்த்ததை விடக் கேட்டதுதான் அதிகம். டவுனுக்குப் போய்க் கலரியில் இருந்து பார்க்கக் காசு யாரிடம் இருந்தது? வானொலியில் ஒலிச்சித்திரம், கே.எஸ். ராஜாவின் திரைவிருந்து, சடங்கு வீட்டில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். விதி (1984) கதைவசனக் கசட் வந்த காலத்தில் சந்தித் தேத்தண்ணிக்கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றியபடி முழு வழக்கையும் கேட்டுவிட்டுப் போன ஆட்களை எனக்குத் தெரியும். வழக்கறிஞராக வந்த சுஜாதாவின் குறுக்கு விசாரணை கடை முதலாளிக்கு மனப்பாடம். நாடா இழுபட்டால் பென்சிலைக் கொண்டு சுற்றிவிட்டு, விட்ட இடத்தைத் தானே சொல்லி நிரப்புவார். பிறகு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. நான் காதால் கேட்டுக் கட்டி வைத்திருந்த நீதிமன்றம் அதைவிடப் பெரிது.

அம்மம்மா கட்டபொம்மன் படத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் புடவை கொண்டுவருகிற முஸ்லிம் வியாபாரி காக்கா பழைய கடனைக் கேட்டால், உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, "மாமனா மச்சானா, உனக்கு ஏன் குடுக்கணும் கிஸ்தி?" என்பா. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபடி, "மாமனும் இல்ல மச்சானும் இல்ல கா, கடன்காரன்" என்பார். அடுத்த நிமிடம் திண்ணையில் தேத்தண்ணி. கடன் அடுத்த வெள்ளாமைக்குப் போகும்.

78 நவம்பர் 23 சூறாவளி வீட்டுக் கூரையை முழுசாகக் கொண்டுபோன பிறகு, இரண்டு நாள் கழித்து மறுபடி தூறல் தொடங்கியது. மூலையில் பாயைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தோம். அம்மம்மா மேலே பார்த்துச் சொன்னா: "வானம் பொழிகிறது." அம்மப்பா: "பூமி விளையாது." நாங்கள் சிரித்தோம். தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்தன.

ரொறன்ரோ மாமாவின் இன்னொரு முறைப்பாடு நியாயமானது. பத்துக் கேள்வியில் ஒன்றாவது நம் நாட்டுப் படத்தில் இருந்து இல்லையே என்று கேட்கிறார். ஓம், பிழைதான். 1976 இல் வந்த கோமாளிகளை எப்படி மறந்தேன்? வானொலி நாடகமாக வந்து, பிறகு படமானது. எஸ். ராம்தாஸ் மரைக்கார், ராஜகோபால் அப்புக்குட்டி, செல்வசேகரன் உபாலி, அப்துல் ஹமீத் ஐயர் என்று ஆளுக்கொரு தமிழ். அடுத்த சுற்றில் இரண்டு கேள்வி அதில் இருந்து வரும், மாமா தயாராக இருக்கட்டும்.

இனி ஒஸ்லோப் பிள்ளை. அவ போட்டி விடைகளோடு கீழே ஒரு கேள்வியும் எழுதி அனுப்பியிருந்தா. பொதுவில் போட்டுக் கேட்கட்டுமா என்று அனுமதி வாங்கித்தான் போன மாதம் இங்கே போட்டேன். "அப்பா போன வருடம் தவறிவிட்டார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு இரவும் லைட்டை நிறுத்துமுன் ஒரு படவசனம் சொல்வார். 'படலையைச் சாத்தினாயா, கன்றைக் கட்டினாயா, கோழியை அடைத்தாயா, அல்லது...' அந்த 'அல்லது'வோடு நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா ஒரு சிரிப்புச் சிரிப்பா. ஒஸ்லோவில் மூன்றாம் மாடியில் இருந்தோம், கன்றும் இல்லை கோழியும் இல்லை, அப்படியிருந்தும் சொல்வார். இது எந்தப் படம் என்று யாருக்காவது தெரியுமா? தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை."

சிவாஜி படம் என்றார்கள் சிலர். எம்ஜிஆரின் விவசாயி என்றார் ஒருவர். கறுப்பு வெள்ளைப் படம் எல்லாவற்றையும் உருட்டியாயிற்று.

மகள், அது எந்தப் படத்திலும் இல்லை. சரிகைக் கடதாசிக் கிரீடம் போட்டு என் மூக்குக்கு நேரே விரல் நீட்டியவர் உங்கள் அப்பாதான். "அல்லது"வுக்குப் பிறகு என்ன வரும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்குப் பொம்பிளைப் பிள்ளைகள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில் அவவும் இருந்தா.

புள்ளிவிபரம்: முதலிடம் மெல்பேர்ன் மச்சாள், பத்துக்கு ஒன்பது. மூன்றாம் கேள்விக்கான தீர்ப்பால் மாமா எட்டுக்கு வந்து, ஒஸ்லோப் பிள்ளையோடு இரண்டாம் இடத்தில் சமமாக நிற்கிறார். பரிசாக ஊரில் இருந்து வருகிற பனங்கட்டி யாரிடம் இருக்கிறது என்று சூரிச்காரர்கள் முதலில் சொல்லட்டும். வந்த பார்சல் பாதியாகக் குறைந்திருப்பதாகக் கேள்வி.

அடுத்த சுற்றுக் கேள்விகள் வருகிற ஞாயிறு வரும். படத்தில் வந்தபடியா, ஊரில் சொன்னபடியா என்பதை ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் எழுதவும்.

இப்படிக்கு,
பேர்ணில் இருந்து ஜக்சன் துரை