ஒரு அடி மண்ணை வாரினால் பெட்ரோல் போய்விடுமா?

கெடிலக்கரையான்:
நேற்று இங்கே ஒரு பெரியவர் எழுதிய வைத்தியத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கொல்லையில் பெட்ரோல் கொட்டினால் ஒரு அடி மண்ணை வாரிப் பரப்பி, குழியில் சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டுமாம். மூன்றே நாளில் சுத்தமாம். என் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், முழுக்க மணல். ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்த 20 லிட்டர் கேன் அடியில் விரிசல் விட்டு இரவோடு இரவாக ஒழுகிவிட்டது. பதினைந்து கிலோ இருக்க வேண்டிய கேன் கையில் பூப்போல வந்தது. மணல் மேலே காய்ந்துதான் கிடந்தது. ஒரு அடியில் நெடி. இரண்டு அடியிலும் நெடி. நான்காவது அடியில் ஊற்று, அதன்மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம். பெரியவரே, உங்கள் ஒரு அடி எங்கே போயிற்று?

வில்லியனூர் வாத்தியார்:
அந்தப் பெரியவன் நான்தான். முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன். பெட்ரோல் ஆவியாகும் பொருள். பரப்பி வைத்தால் பறந்துவிடும். மிச்சத்தை நுண்ணுயிரிகள் தின்னும். என் மோட்டார் சைக்கிள் டாங்க் ஒழுகியபோது இதைத்தான் செய்தேன். இன்று அதே இடத்தில் முருங்கை காய்க்கிறது. ஒரு அடிதான்.

கெடிலக்கரையான்:
மோட்டார் சைக்கிள் டாங்க்! சொம்புத் தண்ணீர் சிந்தியதைத் துடைத்தவர் வெள்ள நிவாரணம் பேசுகிறார். உங்கள் களிமண்ணில் ஒரு அடி சரியாக இருக்கலாம். மணலில் பெட்ரோல் நிற்குமா ஐயா? நிலத்தடி நீரைத் தொடும்வரை இறங்கும், நீரைவிட லேசானது என்பதால் அங்கே மிதக்கும். மாணவர்களுக்கு இதையும் நடத்தினீர்களா?

முதுநகர் மீனாள்:
அடிக்கணக்கு இருக்கட்டும். கெடிலக்கரைத் தம்பி, பக்கத்தில் அடிபம்பு இருக்கிறதா? படலம் மிதந்தாலும் பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும். அது புற்றுநோய் தரும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் குடிக்காதீர்கள். குழிக்குள்ளும் இறங்காதீர்கள். ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஒரு பீடி போதும்.

வில்லியனூர் வாத்தியார்:
அம்மா சொல்வது வேறு விஷயம். நான் மண்ணைச் சொன்னேன், தண்ணீரைச் சொல்லவில்லை. ஒரு அடி என்றால் ஒரு அடி.

பாகூர் விவசாயி:
சாணியைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் வாத்தியார் ஐயா, கரைத்து ஊற்றினால் பெட்ரோலை நீங்களே கீழே தள்ளுகிறீர்கள். நுண்ணுயிரிக்குக் காற்று வேண்டும், ஈரம் அளவோடு வேண்டும். வாரிய மண்ணில் மக்கிய எருவைக் கலந்து, மண்வெட்டியால் அடிக்கடி புரட்ட வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் தோசை மாவுதான் புளிக்கும்.

வில்லியனூர் வாத்தியார்:
எல்லாரும் சேர்ந்துகொண்டீர்கள். கேனைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை? எங்கள் புதுச்சேரியில் விலை குறைவு என்று எல்லை தாண்டி வந்து பிளாஸ்டிக் கேனில் பிடித்துப் போகிறார்கள். 1934 பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டர் வரைதான் வைக்கலாம், அதுவும் உலோகக் கலன் அல்லது சிறு கண்ணாடி, பீங்கான் கலனில். பிளாஸ்டிக் அதில் இல்லை.

கெடிலக்கரையான்:
வந்துவிட்டது ஊர்ப்பெருமை! 2011-இல் அடித்த ‘தானே’ புயலுக்குப் பிறகு இருட்டில் கிடந்தவனுக்குத்தான் ஜெனரேட்டரின் அருமை தெரியும். கேன் என் தவறாகவே இருக்கட்டும். அதனால் உங்கள் ஒரு அடி நான்கு அடி ஆகிவிடுமா?

வில்லியனூர் வாத்தியார்:
‘தானே’ எங்களையும்தான் அடித்தது. புயல் என்ன கடலூருக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா?

முதுநகர் மீனாள்:
வாரிய மண் இப்போது எங்கே தம்பி?

கெடிலக்கரையான்:
மழை வருமென்று கொல்லையில் கீழே ஒரு தார்ப்பாய், மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன் அக்கா.

வில்லியனூர் வாத்தியார்:
மூடி வைத்தால் ஆவி எப்படிப் போகும்? இவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

கெடிலக்கரையான்:
மழை பெய்தால் அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கும் போகட்டும் என்கிறீர்களா? தார்ப்பாயை அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஒரு அடிக்குப் பதில் சொல்லுங்கள்.