வெந்தயக்கீரை மத்ரி நமுத்துப்போவது: புதுப்பிப்பு
வெந்தயக்கீரை மத்ரி (கரகரப்பான வட இந்தியப் பொரித்த தின்பண்டம்) பற்றிய முந்தைய பதிவில் 2 கப் மைதாவுக்கு 1 கப் பச்சை வெந்தயக்கீரை என்று எழுதியிருந்தேன். மறுநாளே நமுத்துவிடுகிறது என்றீர்கள். கீரையின் ஈரம்தான் காரணம். இனி அதற்குப் பதில் 2 மேசைக்கரண்டி கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரை), வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கி நொறுக்கியது. ரவை, ஓமம், உப்பு பழையபடியே.

நெய் 5 மேசைக்கரண்டி. மாவில் நன்றாகப் பிசறியபின் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கணும், தட்டினால் உதிரணும். தண்ணீர் அதன் பிறகுதான், கரண்டி கரண்டியாக. சப்பாத்தி மாவுபோல் வழவழவென்று பிசைந்தால் கரகரப்பு போய் கடக்கென்று ஆகிவிடும்.

தேய்த்த மத்ரிகளை இருபுறமும் முள்கரண்டியால் குத்துங்கள். இல்லாவிட்டால் பூரியாக உப்பிவிடும். சிறு தீயில் 10-12 நிமிடம் பொரியணும். தீயைக் கூட்டினால் மேலே சிவந்து நடுவில் பச்சை மாவு (நமுப்புக்கு இதுவும் ஒரு காரணம்). முழுக்க ஆறியபின் டப்பாவில் போடுங்கள்.