கம்பைல் ஆகிறது, ஓடவில்லை: எல்டி_லைப்ரரி_பாத்தா, ஆர்பாத்தா?

வெண்தாழை:
ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3.2-ஐ சோர்ஸிலிருந்து கட்டித் தனி ஃபோல்டரில் வைத்தேன். அதை வைத்து இன்னொரு நிரலைக் கம்பைல் செய்தேன், பிழையே வரவில்லை. ஓட்டினால் மட்டும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்_3.2.0 பதிப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. நிரல் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டால் சிஸ்டத்தோடு வந்த 3.0-ஐக் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

கருவேலன்:
கம்பைலருக்குப் பாதை சொன்னீர்கள், நிரல் ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடருக்குச் சொல்லவில்லை. இரண்டு பதிப்புக்கும் எஸ்ஓநேம் (லோடர் தேடும் பெயர்) ஒன்றுதான்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. லோடர் அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். ஷெல் தொடங்கும்போது ஓடும் பாஷ்ஆர்சியில், லோடர் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் வேரியபிளுக்கு உங்கள் ஃபோல்டரைக் கொடுங்கள். ஒரே வரி.

நீலவானம்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லா நிரலுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். ஒரு சோதனைக்காக டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான குறியாக்கம்) இல்லாமல் லிப்கர்ல் என்ற நெட்வொர்க் லைப்ரரியைக் கட்டி, நானும் இப்படித்தான் வைத்திருந்தேன். சில நாள் கழித்து கிட் குளோன் (நெட்டிலிருந்து கோடை நகலெடுக்கும் கட்டளை) 'எச்டிடிபிஎஸ் ஆதரவு இல்லை' என்றது. நெட்வொர்க், ப்ராக்ஸி, சான்றிதழ் என்று அரை நாள் தேடினேன். கிட் என்னுடைய லிப்கர்லை எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். லிங்க் செய்யும்போதே ஆர்பாத் (லைப்ரரியைத் தேட வேண்டிய பாதை) கொடுங்கள். பாதை அந்த நிரலுக்குள்ளேயே பதியும், வேறெதையும் தொடாது.

கருவேலன்:
சரி, பாஷ்ஆர்சி வேண்டாம். ஆனால் 'ஆர்பாத் கொடுங்கள்' என்பதோடு விட்டால் பாதி பதில்தான். இன்று பல டிஸ்ட்ரோக்களில் லிங்க்கர் அதை ரன்பாத் என்ற வேறு வகையாகப் பதிக்கிறது. ரன்பாத் நேரடியாக லிங்க் ஆனவற்றுக்கு மட்டுமே செல்லும். நடுவில் இருக்கும் லைப்ரரி தனக்கு வேண்டிய இன்னொரு லைப்ரரியைத் தேடுவதற்கு உதவாது. ஃபோல்டரை நகர்த்தினாலும் உடைந்துவிடும். நிரலைத் தொடங்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள் மட்டும் வேரியபிளை வைப்பதே மேல்.

நீலவானம்:
அந்த நிரல் தொடங்கும் சைல்ட் ப்ராசஸ்களுக்கும் வேரியபிள் போகுமே! நகர்த்துவதுதான் கவலை என்றால் ஆர்பாத்தில் எழுத டாலர் ஆரிஜின் இருக்கிறது. பாதை நிரல் இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும். நடு லைப்ரரி பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் நிரல் நேரடியாகவும் லிப்எஸ்எஸ்எல்லோடு லிங்க் ஆகியிருந்தால் பிரச்சினை வராது: அது முதலில் ஏறிவிடும், அதே எஸ்ஓநேமைப் பிறகு யார் கேட்டாலும் ஏறியதையே லோடர் கொடுக்கும். இல்லையென்றால் நடு லைப்ரரிக்கும் கட்டி முடித்த ஃபைலைத் திருத்தும் பேட்ச்எல்ஃப் கொண்டு ரன்பாத் எழுதலாம்.

மின்மினி:
இவ்வளவு சிக்கல் எதற்கு? லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக லிங்க் செய்யுங்கள்.

கருவேலன்:
ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது, லைப்ரரியைத் தனி ஃபைலாக, ஷேர்டாகப் பயன்படுத்தியவர்கள் ஓட்டையை அடைக்க லைப்ரரியை மாற்றி சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தால் போதுமாக இருந்தது. ஸ்டாட்டிக்காகக் கட்டிய நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

வெண்தாழை:
ஆர்பாத் கொடுத்துக் கட்டினேன், அப்போதும் 3.0-தான் வந்தது. எல்டி_டீபக்கில் லிப்ஸ் என்று கொடுத்து ஓட்டியதும் லோடர் தேடிய இடங்கள் வரிசையாக வந்தன. என் ஃபோல்டரில் 'லிப்'புக்குள் தேடிவிட்டு, கிடைக்காமல் சிஸ்டத்துக்குப் போயிருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் 'லிப்64'-க்குள் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது. கம்பைலுக்கு அதைச் சரியாகக் கொடுத்த நான் ஆர்பாத்தில் 'லிப்' என்று எழுதியிருக்கிறேன். திருத்திக் கட்டியதும் எல்டிடி 3.2 இருக்கும் பாதையைக் காட்டுகிறது, நிரலும் ஓடுகிறது.

கருவேலன்:
நல்லது. நடு லைப்ரரி ஏதாவது இருக்கிறதா என்று ரீட்எல்ஃப் கட்டளையில் நீடட் வரிகளையும் (நேரடியாகத் தேவைப்படும் லைப்ரரிகள்) ஒருமுறை பாருங்கள்.