பின்னக் கணக்கு: கணினி விளையாட்டில் 23/20, நோட்டில் 5/9. பிழை எங்கே?

ஆறாம் வகுப்பு டீச்சர் (கேள்வி)

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 28 பிள்ளைகள். பின்னங்கள் பாடம் தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு பாடவேளை கணினி அறையில் இணைய வினாடி வினா விளையாட்டு வைக்கிறேன். ஒரே சத்தம், உற்சாகம். மதிப்பெண் பலகையைப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் 80 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறார்கள்.

நேற்று அதே கணக்குகளைக் கரும்பலகையில் எழுதி நோட்டில் போடச் சொன்னேன். 3/4 + 2/5 என்ற கணக்குக்குப் பதினேழு பேர் 5/9 என்று எழுதியிருக்கிறார்கள். விளையாட்டில் இதே கணக்குக்கு 23/20 என்று சரியாகத் தொட்டவர்கள்தாம் இவர்கள். விளையாட்டை விட்டுவிடலாமா? வேறு ஏதாவது இருக்கிறதா? அறையில் பத்துக் கணினிகள்தாம், இணையமும் அடிக்கடி திணறும்.

தேனி கணக்காசிரியர்

விடுவதற்கு முன் ஒரு விவரம் வேண்டும், டீச்சர். அந்தக் கேள்விக்குக் கொடுத்த நான்கு விடைகள் என்னென்ன? கேள்விகள் நீங்களே எழுதியவையா, யாரோ போட்டு வைத்திருந்த தொகுப்பா?

ஆறாம் வகுப்பு டீச்சர்

ஆயத்தத் தொகுப்புதான், சார். விடைகள்: 23/20, 5/9, 1/3, 7/2. இன்று காலை, வழக்கமாக முதலிடம் பிடிக்கும் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நாலையும் அஞ்சையும் பெருக்கினா இருபது. கீழ இருபது இருக்கறது ஒண்ணுதான டீச்சர்" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தேனி கணக்காசிரியர்

பிழை அங்கேதான். பையன் புத்திசாலி. தொகுதியை, அதாவது மேல் எண்ணை, தொடாமலே விடையைப் பிடித்துவிட்டான். அவன் கற்றது பின்னக் கூட்டல் அல்ல, விடைப் பட்டியலைப் படிக்கும் வித்தை.

தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உண்மையிலேயே செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும். 3/4 + 2/5 கணக்குக்கு நான் கொடுப்பவை: 23/20, 5/9, 5/20, 6/20. மேலும் கீழும் தனித்தனியே கூட்டியவன் 5/9-க்குப் போவான். பகுதியை, அதாவது கீழ் எண்ணை, மட்டும் 20 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்தவன் 5/20-க்குப் போவான். கூட்டலைப் பெருக்கலாக எடுத்துக்கொண்டவன் 6/20. யாருக்கு எது புரியவில்லை என்று தொட்ட விடையே சொல்லிவிடும். எப்படி அமைத்தாலும் குருட்டாம்போக்கில் தொட்டால் நான்கில் ஒன்று விழும்தான்.

இன்னொன்று நேரம். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரியவில்லை; கஹூட் என்ற இணைய வினாடி வினாத் தளத்தில் வழக்கமான கணக்கு இது: 20 வினாடிக் கேள்விக்கு 2 வினாடியில் சரியாகத் தொட்டால் 950 புள்ளி, 18 வினாடியில் தொட்டால் 550. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடித்து, நோட்டில் போட்டுப் பார்த்து, அப்புறம் தொடுகிற பிள்ளைக்கு 400 புள்ளி நஷ்டம். திணறுகிற இணையத்தில் கேள்வி தாமதமாகத் திறக்கும் கணினிக்காரனுக்கும் அதே கதி. வாய்ப்பாடு போன்ற, பார்த்ததும் சொல்ல வேண்டியவற்றுக்கு இந்த வேகம் சரி. பகுதிகள் வேறுபடும் வேற்றினப் பின்னங்களுக்கு ஆகாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

காகிதத்தை மடித்துக் காட்டினாலே போதும். இதற்கெல்லாம் கணினி எதற்கு?

பெரம்பலூர் ஆசிரியை

ஐயா சொல்வது போலக் காகிதம் முதலில் வரட்டும், அதற்கு அப்புறம் கணினி. டீச்சர், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில் பின்னங்களை ஒப்பிடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஒரு தட்டில் 3/4 என்ற எண்ணையும் மறு தட்டில் முக்கால் பங்கு நிறம் தீட்டிய வட்டத்தையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடிகாரம் இல்லாமலும் ஆடலாம். ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் இணையமே வேண்டாம். ஒரு கணினிக்கு மூன்று பேரை உட்கார வைத்து, ஒருவர் சுட்டியைப் பிடிக்க, மற்றொருவர் காரணம் சொல்ல, மூன்றாமவர் நோட்டில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சுட்டிக்காகச் சண்டை வரும், சமாளிக்க வேண்டியதுதான்.

கணினி அறைக்குப் போக முடியாத நாளில் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செல்பேசிச் செயலியின் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வடிவம் அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தூக்குகிறார்களோ அதுவே விடை. உங்கள் செல்பேசிக் கேமரா மொத்த வகுப்பையும் படித்துவிடும். அட்டையின் பக்கங்களில் உள்ள A, B, C, D எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற வேலையும் குறையும். பளபளப்பான லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. நான் ஒருமுறை போட்டு, முப்பது அட்டையையும் மறுபடி அச்சிட்டேன்.

ஆறாம் வகுப்பு டீச்சர் (எட்டு நாள் கழித்து)

அட்டைகளைப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினேன். முதல் கேள்வி 1/2 + 1/3. விடைகள்: 5/6, 2/5, 2/6, 1/6. பதினொரு பேர் 2/5-ஐத் தூக்கினார்கள். சரி, தப்பு எதுவும் சொல்லவில்லை. அரை ரொட்டி வைத்திருக்கிறாய், இன்னும் கொஞ்சம் தருகிறேன், முன்பைவிடக் கூடுமா குறையுமா என்று மட்டும் கேட்டேன். கூடும் என்றார்கள். அப்படியென்றால் 2/5 அரையைவிடப் பெரியதா என்றேன். வகுப்பு அமைதியானது. பின் வரிசையில் ஒரு சிறுமி யாரும் சொல்லாமலே அட்டையைத் திருப்பினாள். மறுபடி கேமராவைக் காட்டியபோது நான்கு பேர் மட்டும் 2/5-இல் நின்றார்கள். அந்த நால்வருக்கும் நாளைக்குக் காகித மடிப்பு. தலைமையாசிரியர் ஐயாவுக்கு நன்றி.

இன்னொரு சந்தேகம்: இரண்டு பிள்ளைகள் அட்டையைத் தூக்கும்போது விரலால் கறுப்புக் கட்டத்தை மறைத்துவிடுகிறார்கள், கேமரா அவர்களை விட்டுவிடுகிறது. என்ன செய்கிறீர்கள்?

பெரம்பலூர் ஆசிரியை

அட்டையின் நான்கு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு வெட்டுங்கள், அங்கேதான் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.