ரோலர் டெர்பி ஆடும் மகள் திடீரென்று பயப்படுகிறாள், விட்டுவிடலாமா, தள்ளி அனுப்பலாமா?

தேன்மொழி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சியாட்டில் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு 12 வயது. இரண்டரை வருடமாக ஜூனியர் ரோலர் டெர்பி ஆடுகிறாள். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கர ஸ்கேட் போட்டுக்கொண்டு நீள்வட்டப் பாதையில் ஆடுவது, பந்து கிடையாது. அணிக்கு ஐந்து பேர் இறங்குவார்கள். அதில் ஹெல்மெட் மேல் நட்சத்திரம் போட்ட உறை மாட்டியிருப்பவர் ஜாமர். மற்ற நான்கு பேர் சுவர் மாதிரி நின்று எதிரணி ஜாமரை மறிப்பார்கள். புள்ளி எடுப்பது ஜாமர்தான். முதல் சுற்றுக்குப் புள்ளி இல்லை, அதற்குப் பிறகு எதிரணியில் எத்தனை பேரைத் தாண்டுகிறாரோ அத்தனை புள்ளி. இப்படி ஒரு தடவை இறங்கி ஆடுவதற்கு ஜாம் என்று பெயர், அது 2 நிமிடம் வரை போகும், 30 விநாடி மூச்சு வாங்கிவிட்டு அடுத்தது.

என் மகள் ஜாமர். சின்ன உருவம், சந்து கிடைத்தால் புகுந்து ஓடிவிடுவாள். ஜூனியரில் மூன்று நிலைகள் இருக்கின்றன. முதலில் மோதலே கிடையாது, அடுத்தது உடம்பால் சாய்ந்து தள்ளலாம் ஆனால் வேகமாக வந்து இடிக்கக் கூடாது, மூன்றாவது முழு மோதல். இந்த வருடத் தொடக்கத்தில்தான் மூன்றாவதுக்கு ஏறினாள். ஆசையாகத்தான் ஏறினாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் பெரிய பெண் ஒருத்தி பக்கவாட்டில் வந்து இடித்ததில் நன்றாக விழுந்தாள். எழுந்து ஆடி முடித்தாள். அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள். பிராக்டிஸ் நாள் என்றால் காலையிலேயே வயிற்று வலி. கோச் நட்சத்திர உறையை நீட்டினால் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுகிறாள். சுவர் வரைக்கும் வேகமாக வந்து ஒரு கை தூரத்தில் அப்படியே நின்றுவிடுகிறாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். போன ஞாயிறு காரில் நானும் கத்திவிட்டேன். "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வரோம், நீ சும்மா நின்னுட்டு வர்றியே" என்று. பதில் பேசவில்லை, கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதுரையிலிருந்து மாமியார் போன் போட்டால் முதல் கேள்வியே "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த அடிதடி, டான்ஸ் கிளாஸ்ல சேத்து விடக் கூடாதா?" என்பதுதான். கணவர் நிறுத்திவிடலாம் என்கிறார். எனக்கு என்னவோ பயத்தில் விட்டால் அந்தப் பயம் அவளோடேயே தங்கிவிடும் என்று தோன்றுகிறது. தள்ளி அனுப்புவதா, விட்டுவிடுவதா? பிள்ளைகளை விளையாட்டில் விட்ட பெற்றோர் யாராவது சொல்லுங்கள்.

மெல்பர்ன் அம்மா

தேன்மொழி, என் பெண்ணும் இங்கே ஜூனியர் டெர்பி ஆடுகிறாள், 14 வயது. உங்கள் நிலை புரிகிறது. அந்தக் கார்ப் பயணம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் ஆட்டம் முடிந்து வீடு வரும் வரைக்கும் விமர்சனம் செய்துகொண்டே வருவேன். ஏன் உள்பக்கமாகப் போகவில்லை, லீட் ஜாமர் நீதானே, இடுப்பைத் தட்டி ஜாமை முடித்திருக்கலாமே, இப்படி. (சுவரை முதலில் தாண்டி வரும் ஜாமர்தான் லீட் ஜாமர், அவர் இடுப்பைத் தட்டினால் அந்த ஜாம் அப்போதே முடிந்துவிடும்.) ஒருநாள் அவளே, "அம்மா, ஷூ கழட்டுற வரைக்கும் பேசாம இருக்கியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். ஸ்கேட்டைக் கழற்றி, வியர்வையில் ஊறிய ரிஸ்ட் கார்டை வெயிலில் போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு அவளாக ஆரம்பித்தால்தான் பேச்சு. பெரும்பாலும் அவளே ஆரம்பித்துவிடுவாள்.

இன்னொன்று, நீங்கள் பார்வையாளர் வரிசையை விட்டு உள்ளே வந்து ஏதாவது ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேட் போடத் தெரிய வேண்டியதில்லை, புள்ளி எழுதவும், விதி மீறிய பிள்ளைகள் போய் உட்காரும் பெனால்டி பாக்ஸில் 30 விநாடி எண்ணவும் எப்போதும் ஆள் தேவைப்படும். நான் பெனால்டி பாக்ஸில் ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான், நாற்காலியில் வந்து உட்காரும் பிள்ளைகளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். அழுகை, கோபம், அவமானம் எல்லாம் அந்த 30 விநாடியில் வந்து போகும். அதைப் பார்த்த பிறகு என் பெண்ணிடம் நான் பேசும் விதமே மாறிவிட்டது.

சக்கரக்கால்

நான் போர்ட்லாந்தில் பெரியவர்கள் அணியில் ஆடுகிறேன், வாரத்தில் ஒருநாள் ஜூனியர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அக்கா, பயத்தோடு வரும் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லி இதுவரை ஒரு பிள்ளைக்கும் பயம் போய் நான் பார்த்ததில்லை.

முதலில் முட்டி பேடைப் பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 12 வயதில் பிள்ளைகள் மாதத்துக்கு மாதம் வளர்வார்கள், பேட் மட்டும் அதேதான் இருக்கும். எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் விழும்போது பேட் கீழே நழுவி, முட்டி நேராகத் தரையில் படும். ஒருமுறை அப்படிப் பட்டுவிட்டால் பிள்ளை அடுத்த தடவை விழாமல் இருக்கத்தான் பார்க்கும். விழாமல் இருக்கப் பார்க்கிற பிள்ளை முழங்காலை மடக்காமல் நிமிர்ந்துவிடும், நிமிர்ந்தால் லேசான இடிக்கே தூக்கி எறியப்படும். அப்புறம் பின்பக்கமாக விழும். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான விழுகை.

அதனால் நாங்கள் பயந்த பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து விழக் கற்றுக்கொடுப்போம். ஒரு முட்டியில் இறங்குவது, இரண்டு முட்டியில் இறங்குவது, இறங்கியதும் கைகளை நெஞ்சோடு சேர்த்து, விரல்களை மடக்கிச் சின்னதாகச் சுருண்டுகொள்வது. பின்னால் வருகிறவளின் சக்கரம் விரலில் ஏறிவிடக் கூடாது, அதற்காக. மூன்று விநாடிக்குள் எழுந்து ஓட வேண்டும். இதை இருபது முப்பது தடவை விளையாட்டாகச் செய்துவிட்டால் தரை மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

மிச்சப் பாதி இடி மேல் இருக்கும் பயம். அதற்கு ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு, புல்தரையில் சாதாரண ஷூவோடு நிற்க வைப்போம். ஒரே உயரமுள்ள ஜோடி. இடி வாங்குகிறவள்தான் "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ண வேண்டும், அவள் எண்ணி முடிக்காமல் யாரும் தொடக் கூடாது. எவ்வளவு பலமாக என்பதையும் அவளே சொல்வாள். முதலில் தோளில் சாய்வது மட்டும். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளை "இன்னும் பலமா இடி" என்று கேட்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துவிடும்.

உயரத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜூனியரில் 7 வயதிலிருந்து 17 வரைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வயதும் நிலையும் பார்த்துப் பிரித்தாலும் 12 வயதுக்காரி பக்கத்தில் 16 வயதுக்காரி நிற்பது நடக்கும். பெரியவளின் தோள் உயரத்தில்தான் சின்னவளின் முகம் இருக்கும். தலை, கழுத்து, முதுகு, நடுத்தொடைக்குக் கீழே, இங்கெல்லாம் அடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் உயர வித்தியாசம் இருந்தால் வேண்டுமென்று செய்யாமலே தலையில் பட்டுவிடும். ஜோடி பிரிக்கும்போது அதைப் பார்க்க வேண்டியது கோச்சின் வேலை, பிள்ளையின் தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் நிலைக்குத் திரும்பிப் போய் ஒரு சீசன் ஆடினால் தப்பே இல்லை. எங்களிடம் அப்படிப் போய் வந்தவர்கள் உண்டு. அதைத் தோல்வி மாதிரி வீட்டில் மட்டும் பேசிவிடாதீர்கள்.

நியூஜெர்சி அப்பா

எனக்கு டெர்பி பற்றி ஒன்றும் தெரியாது, என் பையன் சாக்கர் ஆடுகிறான். ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு வேறொன்று தோன்றியது. விழுந்தபோது தலை அடிபட்டதா? எரிந்து விழுகிறாள், வயிற்று வலி என்கிறாள், மூன்று வாரமாக ஆள் மாறிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பையனுக்கு கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த பாதிப்பு, வந்தபோது எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான். மயக்கம் போட்டு விழவில்லை, வாந்தி எடுக்கவில்லை, அதனால் நாங்களும் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுப்பாடத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தோம். வெளிச்சம் கூசுகிறதா, தலைவலி உண்டா, தூக்கம் எப்படி இருக்கிறது என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். "பயமா?" என்று கேட்காதீர்கள்.

தேன்மொழி

மூன்று பேருக்கும் நன்றி. நியூஜெர்சி அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்று இரவே அவள் அறைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்திருந்தது. போடப் போனேன், "வேண்டாம்மா, கண்ணு வலிக்குது" என்றாள். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மெதுவாகக் கேட்டேன். பின்பக்கமாகத்தான் விழுந்திருக்கிறாள், ஹெல்மெட் தரையில் "டம்" என்று இடித்ததாம். கோச் "ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருக்கிறார், இவள் தலையாட்டியிருக்கிறாள், அடுத்த ஜாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை சாப்பிடாமல் சீக்கிரம் தூங்கிப் போனது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா அப்பா டெர்பிய நிறுத்திடுவார்" என்றாள். நிறுத்த வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. சுவர்கிட்டே வரும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம், அதனால்தான் நின்றிருக்கிறாள். அதைப் பயம் என்று நான் முடிவு கட்டி, காரில் வைத்து அப்படிப் பேசியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாளே குழந்தை மருத்துவரிடம் போனோம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார், கண்ணால் விரலைத் தொடரச் சொன்னார். கன்கஷன்தான், அறிகுறிகள் இன்னும் போகவில்லை என்றார். இப்போதைக்கு ஸ்கேட்டிங் கிடையாது.

சக்கரக்கால்

அக்கா, படித்ததும் மனசு கனத்துப் போனது. நானும் முதலிலேயே தலையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். பின்பக்கமாக விழுவதைப் பற்றி எழுதியும் அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு. அந்த அண்ணாவுக்கு நன்றி.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். தலை தரையில் இடித்த பிள்ளையை "ஓகேவா" என்று கேட்டுவிட்டு இறக்கியிருக்கவே கூடாது. சந்தேகம் இருந்தாலே அன்றைய ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். உங்கள் வாஷிங்டன் மாநிலம்தான் இதற்கு அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்டது, 2009ல், லிஸ்டெட் சட்டம் என்று பெயர். 2006ல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டு, அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, மூளையில் ரத்தம் கசிந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயமானது. அவன் பெயரில் வந்த சட்டம் அது. பள்ளி விளையாட்டுகளிலும், பள்ளி மைதானங்களில் ஆடும் இளையோர் அமைப்புகளிலும், கன்கஷன் சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப இறக்க வேண்டும் என்கிறது. நீங்கள் ஆடுவது தனியார் ஸ்கேட்டிங் ரிங்க்காக இருந்தாலும் இதே ஒழுங்கைக் கேளுங்கள். கோச்சிடம் உட்கார்ந்து பேசுங்கள், நடந்ததை எழுதியும் கொடுங்கள். அடுத்த பிள்ளைக்காகவாவது.

திரும்பி வருவது படிப்படியாகத்தான். முதலில் பள்ளி வேலை தலைவலி இல்லாமல் முழுதாகச் செய்ய வேண்டும். பிறகு நடை, லேசான சைக்கிள். பிறகு தனியாக ஸ்கேட். பிறகு அணியோடு, ஆனால் மோதல் இல்லாத பயிற்சி. மருத்துவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மோதல், கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். நான் முன்னால் எழுதிய புல்தரைப் பயிற்சியெல்லாம் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான், அவசரப்பட்டு இப்போது ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு பெரிய அடிக்கென்று செய்யப்பட்ட நுரை வகையாக இருந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே நொறுங்கியிருக்கும்.

அப்புறம், அவளை ரிங்க்கிலிருந்து பிரித்து வீட்டில் வைத்துவிடாதீர்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்க முடிந்த பிறகு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு, பெஞ்சில் வந்து உட்காரட்டும்.

மெல்பர்ன் அம்மா

உங்கள் மாமியாரிடம் என்ன சொன்னீர்கள்? என் அம்மாவிடம் நான் இப்படி ஒரு விஷயத்தை மறைத்து, பிறகு தெரிந்து பெரிய சண்டையாகிவிட்டது. அதனால் கேட்கிறேன்.

தேன்மொழி

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் திட்டினார், பிறகு தினமும் இரவு போன் செய்து பேத்தியிடம் "இன்னிக்குத் தலை வலிச்சுதா?" என்று கேட்கிறார். அவளும் பாட்டியிடம் உண்மையைச் சொல்கிறாள், என்னிடம் சொல்வதைவிட. கணவரும் அவள் முன்னாலேயே, "நீ உண்மைய சொன்னதுக்காக நிறுத்த மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். கோச்சிடம் பேசினோம். முதலில் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். இனி தலையில் பட்டால் அன்று ஆட்டம் இல்லை என்று எல்லாப் பெற்றோருக்கும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

மருத்துவரிடம் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தலைவலி குறைந்திருக்கிறது, பள்ளிக்கு முழு நாள் போகிறாள். மருத்துவர் சம்மதித்ததால் நேற்று அரைமணி நேரம் பிராக்டிஸ் பார்க்கக் கூட்டிப்போனேன். வெள்ளைப் பலகையில் பெனால்டி எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். வீடு வரும் வரைக்கும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு அவளே சொன்னாள், எட்டாம் நம்பர் பெண் இடது பக்கம் மட்டுமே அடைக்கிறாளாம், வலது பக்கம் சந்து இருக்கிறதாம்.