அம்மா நாள் முழுக்க கொரோனா நியூஸ் பாக்குறாங்க, என்ன பண்றது?

மதுரக்காரன்84 (2021 மே 22)
அம்மாவுக்கு 63 வயசு, பிபி இருக்கு. லாக்டவுன் போட்டதுல இருந்து காலைல டிவி போட்டா ராத்திரி தான் ஆஃப், நேத்து தமிழ்நாட்டுல மட்டும் 36,184 கேஸ்னு வந்ததும் சாப்பாடே இறங்கல, 2 மணிக்கு எந்திரிச்சு என் நெத்திய தொட்டுப் பாக்குறாங்க காய்ச்சல் அடிக்குதான்னு. நெட்ல தேடுனா யோகா பண்ணு, டைரி எழுது, தனி ரூம்ல அமைதியா உக்காருன்னு போட்டிருக்கான். ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கோம், எங்க போய் உக்கார்றது? உருப்படியா எதாச்சும் இருந்தா சொல்லுங்கப்பா

வெயிலான்
ப்ரோ கேபிள கட் பண்ணி விடு, வேலை முடிஞ்சது

குமுதா_திண்டுக்கல்
கட் பண்ணாதீங்க தம்பி, எங்க மாமியாருக்கு அப்படி பண்ணி பக்கத்து வீட்டு வாட்ஸப் ஃபார்வர்டு தான் நியூஸ் ஆச்சு, அது இத விட மோசம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்லயே ஒரு குறிப்பு போட்டாங்க, அதுல எனக்கு உருப்படியா பட்டது ஒண்ணு: நியூஸ ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவ, குறிச்ச நேரத்துல மட்டும் பாருங்கன்னு. நாங்க சாயங்காலம் அரசு அறிக்கை வர்ற நேரத்த மட்டும் வச்சுக்கிட்டோம், மத்த நேரம் பழைய படம். முதல் ரெண்டு நாள் சண்ட தான், பொய் சொல்லல.
வயசானவங்களுக்கு விஷயத்த சுருக்கமா, தெளிவா, எத்தன தடவ கேட்டாலும் சொல்லணும்னும் அதுல இருக்கு. அப்புறம் தினம் சாப்பிடுற மாத்திரைய ரெண்டு வாரத்துக்கு கையில வச்சுக்க சொல்றாங்க. பிபி மாத்திர டப்பா நிறைஞ்சிருந்தாலே பாதி பயம் போயிரும், பாருங்க.

நர்ஸ்பொண்ணு
2 மணிக்கு எந்திரிக்கிறது எத்தன நாளா நடக்குது? ரெண்டு வாரம் தாண்டிருச்சு, சாப்பாடும் குறையுதுன்னா டிவிய மட்டும் குறை சொல்லிட்டு விட்ராதீங்க. அரசு மருத்துவ உதவி நம்பர் 104க்கு போன் போட்டா கவுன்சிலிங் கேக்கலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல ஆஸ்பத்திரி) ஹெல்ப்லைன் 080-46110007. அம்மா பேச மாட்டேன்னா நீங்களே பேசுங்க, எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தருவாங்க.
இன்னொண்ணு, நெத்திய தொட்டுப் பாக்குறாங்கல்ல, ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கையில குடுங்க. காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ எல்லாருக்கும் பாத்து நோட்ல எழுதுறது அவங்க வேல. சும்மா பயந்துட்டு இருக்கவங்களுக்கு கைல ஒரு வேல வேணும்.

வெயிலான்
கேபிள் மேட்டர வாபஸ் வாங்கிக்கிறேன் அக்கா

மதுரக்காரன்84
பத்து நாள் இருக்கும் அக்கா. போன வருஷம் எங்க தெருவுல கொரோனா வந்த ஒரு வீட்டுக்கு தகரம் அடிச்சு மூடுனாங்க, அதப் பாத்ததுல இருந்தே நமக்கும் அடிச்சிருவாங்கன்னு உள்ளுக்குள்ள இருந்திருக்கு, இப்ப தான் வாயத் தொறந்து சொல்றாங்க. நோயவிட தெருவுல மானம் போயிரும்னு தான் பயமாம். தெர்மாமீட்டர் வாங்கியாச்சு, எனக்கு 98.2ன்னு அவங்களே எழுதிட்டாங்க. 104க்கு நாளைக்கு பேசுறேன், டிவி இப்பவும் ஓடிட்டு தான் இருக்கு