டிஃபெண்டரை எஸ்டேட் ரோட்டுல இறக்கலாமா? நாகலூர் பக்கம் ஓட்டுனவங்க சொல்லுங்க

அஸ்தம்பட்டியான்:

எல்லாருக்கும் வணக்கம். என் மச்சான் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 டீசல் எடுத்திருக்கார். செகண்ட் ஹேண்ட், மூணு வருஷ வண்டி. அவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வண்டி இதுவரைக்கும் ஏறின பெரிய மேடு சேலம் ஐந்து ரோடு மேம்பாலந்தான்.

கார்த்திகையில குடும்பத்தோட சின்ன மாமனார் எஸ்டேட்டுக்குப் போறோம். ஏற்காடு மலையில நாகலூர் தாண்டி உள்ள. தார் ரோட்டுல இருந்து பங்களாவுக்கு 3 கி.மீ. மண் ரோடு. நடுவுல ஒரு கல்பாலம், கொஞ்சம் தள்ளி ஒரு ஓடை, அதைத் தாண்டினதும் ஏத்தத்துல மூணு வளைவு. மாமனார் பழைய மஹிந்திரா ஜீப்புல தினம் போய்ட்டு வர்றார். நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு 14 வருஷம் ஆச்சு, ஏற்காட்டுக்கு 20 ஊசி வளைவும் மனப்பாடம். ஆனா லோ ரேஞ்ச் (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) பட்டனைத் தொட்டதே இல்ல. மச்சானோ "900 மி.மீ. தண்ணியில போகும்னு கம்பெனியே சொல்றான், இந்த ஓடை என்ன பண்ணிடும்"ங்கறார். ஓட்டப் போறது நான், திட்டு வாங்கப் போறதும் நான். எந்த மோடு வைக்கணும்? இப்ப 20 இன்ச் டயர் இருக்கு, மாத்தணுமா?

செவ்வாய்ப்பேட்டை சிங்கம்:

மச்சான் வண்டிதானே? தைரியமா இறக்குங்க. உங்க வண்டின்னாதான் யோசிக்கணும்.

மிளகுக்கொடி:

தம்பி, நான் 31 வருஷமா இந்த மலையில காப்பி பார்க்கிறவன். பெரிய வண்டி என்கிட்ட இல்ல. ஆனா வர்றவங்க கொண்டுவந்து மாட்டிக்கிற பெரிய வண்டிய வெளிய எடுக்கிற வேலை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வரும். போறதைப் பத்தி இவ்வளவு கேட்டிருக்கீங்க. திரும்புறதுக்கு எங்க இடம் பார்த்து வச்சிருக்கீங்க?

கண்ணாடிய மடக்கினாலே உங்க வண்டி அகலம் 2008 மி.மீ. பின்கதவு ஸ்டெப்னியோட நீளம் 5018. ஒரே வீச்சுல திரும்ப கிட்டத்தட்ட 12.8 மீட்டர் வட்டம் வேணும். எங்க ரோடெல்லாம் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் அளந்து வெட்டினது. ஜீப் ஒரே ஒடிப்புல போற வளைவுல நீங்க மூணு தடவை முன்ன பின்ன போகணும். ரிவர்ஸ் எடுக்கறப்ப கேமரா காட்டறதுக்கு முன்னாடி ஸ்டெப்னி மேட்டுல முட்டிடும்.

அந்த ரோட்டை எப்படிப் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதி தானா புரியும். சரிவுல உள்பக்கம் வெட்டின மண்ணை வெளிப்பக்கம் தள்ளி, கீழ கல்கட்டு வச்சு நிரவினதுதான் எஸ்டேட் ரோடு. உள்பாதி கெட்டி நிலம், வெளிப்பாதி கொட்டின மண்ணு. மேல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே செம்மண்ணாத்தான் தெரியும். ஐப்பசி பூரா மழை குடிச்ச வெளிப்பாதியில 2.3 டன்னைக் கொண்டுபோய் வச்சா என்ன ஆகும்?

ரெண்டு வருஷம் முன்னாடி எங்களுக்கு வந்த விருந்தாளி ஒருத்தர் கொண்டுவந்ததும் இந்த மாதிரி பெரிய வண்டிதான், பேர் வேண்டாம். எதிர்ல காப்பிப் பழம் ஏத்தின டிராக்டர் வந்துச்சு. நல்ல மனுஷன், மரியாதையா ஒதுங்கிக் கொடுக்கறேன்னு வெளிப்பக்கம் ஒதுங்கினார். கல்கட்டு பிதுங்கி முன்சக்கரம் இறங்கிடுச்சு. கவுந்திருக்கும், ஒரு சில்வர் ஓக் மரம் தாங்கிக்கிச்சு. எங்க டிராக்டர்ல கட்டி இழுத்தா டிராக்டர்தான் பின்னால வந்துச்சு. கீழ இருந்து ஜேசிபி வந்து சேர சாயந்திரம் அஞ்சு மணி. அதுவரைக்கும் பறிப்பு ஆளுங்க பழ மூட்டையைத் தலையில சுமந்தாங்க. அந்த மரத்துல ஏத்தியிருந்த மிளகுக்கொடியும் போச்சு, அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

அதனால எப்பவும் மலைப்பக்கம் அணைச்சு ஓட்டுங்க. வாய்க்கால்ல சக்கரம் இறங்கினாலும் பரவாயில்ல, எடுத்துடலாம். எதிர்ல டிராக்டர் வந்தா நின்னுடுங்க, டிராக்டர்காரன் பார்த்துக்குவான்.

இறக்கத்துக்கு வர்றேன். நனைஞ்ச செம்மண்ணு சோப்பு மாதிரி. பிரேக்கை மிதிச்சுப் பழகின காலுக்கு இதுதான் கஷ்டம். நின்ன இடத்துலயே நியூட்ரல் போட்டு லோ ரேஞ்ச் மாத்திக்கிட்டு, முதல் கியர்ல ஹில் டிசென்ட் போட்டுட்டுக் காலை எடுத்துடுங்க. வண்டியே ஒவ்வொரு சக்கரமா பிரேக் பிடிச்சு விட்டு இறக்கும். அதுக்கும் தரையில பிடி வேணும். டயர் பட்டன்ல (தரையில படுற கட்டைகள்ல) சேறு அடைச்சுக்கிட்டா கம்ப்யூட்டரும் சேர்ந்துதான் வழுக்கும்.

ஓடைக்கு மச்சான் சொல்ற 900 சரிதான், ஏர் சஸ்பென்ஷன்ல வண்டிய உயரத் தூக்கி வச்ச கணக்கு அது. ஆனா கார்த்திகையில அங்க தண்ணி முழங்கால் தாண்டாது. ஆழம் உங்களுக்குப் பிரச்சனையே இல்ல. அடியில கிடக்கிற பாசி பிடிச்ச உருண்டைக் கல்லும், அக்கரையில ஏறுற விளிம்பும்தான் பிரச்சனை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 3022 மி.மீ. இருக்கு. முழுசாத் தூக்கினா தரையில இருந்து 291 கிடைக்கும். அப்பவும் அந்த விளிம்பு செங்குத்தா இருந்தா வயிறு உக்காந்துடும். முதல்ல ஒரு குச்சியை எடுத்துக்கிட்டு நீங்க இறங்கி நடங்க. மேல மழை பெய்ஞ்சு தண்ணி கலங்கலா வந்தா அன்னைக்கு இக்கரையிலயே இருந்துடுங்க.

பஞ்சர் கடை:

டயர் பத்திக் கேட்டீங்களே. 255/60 ஆர் 20-ல சைடுவால் உயரம் 153 மி.மீ. 255/70 ஆர் 18-ல 178. வெளிவட்டம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர்தான் கூடுது. உங்க பிரேக்குக்கு 18 ஏறுமான்னு கேட்டுட்டு வாங்குங்க, எல்லா மாடலுக்கும் ஏறாது. மாத்தலைன்னா மண் ரோடு ஆரம்பிக்கற இடத்துல காத்தை கால்வாசி குறைச்சுக்கிட்டு மெதுவாப் போங்க, தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சுடுங்க. சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு கையில இருக்கட்டும். பட்டன்ல ஆணி ஏறினா ஒட்டிக் குடுத்துடுவேன். சைடுவால் கிழிஞ்சா டயரே போச்சு. நம்ம கடைக்கு அந்த மாதிரி வர்றதெல்லாம் கல்லு குத்தி இல்ல, வளைவுல கல்கட்டு ஓரத்துல உரசிக் கிழிஞ்சதுதான்.

கொட்டச்சேடு:

ஒண்ணு சேர்த்துக்கறேன். எஸ்டேட் எல்லை தாண்டினா பல இடத்துல காப்புக்காடு. அனுமதி இல்லாம வண்டிய உள்ள விட்டா 1882-ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டத்துல கேஸ். "தடம் இருந்துச்சு, போனோம்"னு சொன்னா எடுபடாது. அப்புறம் இன்ஸூரன்ஸ்ல எஞ்சின் பாதுகாப்பு தனியா எடுத்திருக்கா பாருங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுன்னா சாதாரண பாலிசி கை விரிச்சுடும்.

அஸ்தம்பட்டியான்:

போய்ட்டு வந்தாச்சு. மிளகுக்கொடி ஐயாவுக்கு முதல் நன்றி.

கிளம்பறதுக்கு முன்னாடி பட்டறையில இருந்த டேப்பை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். மச்சான் சிரிச்சார். கல்பாலத்துல இறங்கி அளந்தா ரெண்டு கைப்பிடிக் கல்லுக்கும் நடுவுல 235 செ.மீ. பக்கத்துக்கு 17 செ.மீ., ஒரு சாண் கூட இல்ல. அதுவும் வளைஞ்சு ஏற வேண்டிய பாலம். மச்சான் டேப்பை வாங்கி அவரே ஒருக்கா அளந்தார். அப்புறம் ஒண்ணும் பேசல. வண்டி அங்கயே நின்னுச்சு.

சும்மா விட மனசு வரல. கேட் பக்கத்துல காலியா ஒரு புல்சரிவு இருக்கு, கீழ சமதளம், மரம் இல்ல. மாமனார்கிட்ட கேட்டுட்டு லோ ரேஞ்ச் போட்டு நாலு தடவை ஏறி இறங்கினேன். மொத ரெண்டு தடவை, அடடா, வண்டி தானா நடந்து இறங்குது. மூணாவது தடவை பழக்க தோஷத்துல பிரேக்கை அமுக்கிட்டேன். ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுக்கிட்டே பத்தடி சறுக்குச்சு. நிறுத்தினது நான் இல்ல, சரிவு முடிஞ்சதால நின்னுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த மச்சான் சீட் பெல்ட்டை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டார்.

பங்களாவுக்கு ஜீப்புலதான் போனோம். ஓடையில மாமனார் வேகத்தைக் கூடக் குறைக்கல. மூணு வளைவையும் ஒடிச்ச கையைத் திருப்பாம ஏத்திட்டார். மச்சான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வழி பூரா அந்த ஜீப்பைத்தான் பார்த்துட்டு வந்தார். ராத்திரி சாப்பிடறப்ப மெதுவா, விக்கறதா இருந்தா சொல்லுங்க மாமான்னார்.

செவ்வாய்ப்பேட்டை சிங்கம்:

எவ்வளவு சொன்னார்?

அஸ்தம்பட்டியான்:

இன்னொரு தோசை வேணுமான்னு கேட்டார்.